ஆகஸ்ட் மாதத்துச் சொலவடை

அக்கா வீட்டுச் சமையலறைத் தொட்டியில் தண்ணீர் இறங்கவில்லை என்று சனிக்கிழமை குழாய்க்காரருக்குப் போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்கெல்லாம் அவர் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துவிட்டார். ஒன்பதுக்கு வருவதாகத்தான் சொல்லியிருந்தார். முதுகுக்குக் கீழே ஒரு சாக்கு, வயிற்றின் மேல் ஸ்பேனர், வாயில் சின்ன டார்ச். வளைந்த குழாயைக் கழற்றினால் தேங்கியிருக்கும் தண்ணீர் மொத்தமும் கொட்டும் என்று ஒரு வாளி கேட்டிருந்தார். எடுத்துவரப் போன அக்கா மகன் மாடியில் யாருடனோ போனில் பேசிக்கொண்டே நின்றுவிட்டான். நட்டு நாள்பட்டது. கை வைத்ததும் கையோடு வந்தது. கறுப்புத் தண்ணீரும் மக்கிய காய்கறித் தோலும் அவர் தோளிலும் காதிலும் வழிந்து தரையெல்லாம் பரவிய பிறகுதான் வாளி வந்தது.

தரையைத் துடைத்துக்கொண்டிருந்த அக்காவின் மருமகள் நிமிர்ந்து, வாளியோடு நின்ற தன் புருஷனைப் பார்த்தாள்.

"வந்துட்டாருப்பா. சின்னவன் டாக்டரைக் கூட்டிட்டு வந்த மாதிரி."

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். கல்யாணமாகி ஏழு மாதம்தான் ஆகிறது. அந்த வீட்டுப் பேச்சு தன் வாயில் பிசிறில்லாமல் வந்துவிட்டதில் அவளுக்கு ஒரு சந்தோஷம். தொட்டிக்கு அடியில் இருந்தவர் துணியை விரலில் சுற்றிக் குழாயின் உட்புறத்தைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தார்.

"குழாய் மாமா, உங்களைக் கேக்கணும்னு இருந்தேன். யாரு அந்தச் சின்னவன்? இவருக்குத் தெரியாதாம். அத்தையைக் கேட்டா அடுப்புல வேலை இருக்குன்னு போயிடறாங்க."

அவர் டார்ச்சை வாயிலிருந்து எடுத்தார். "பழைய ஆளு ஒருத்தன்."

"இப்ப இருக்காரா?"

"எங்கயாவது இருப்பான்."

அந்தப் பெண் ஓர் அச்சுக் கடையில் கம்ப்யூட்டரில் படம் போடுகிறவள். கல்யாணப் பத்திரிகை, கடைப் பலகை, பள்ளிக்கூட நோட்டு அட்டை என்று எது வந்தாலும் செய்வாள். புது வருஷத்துக்கு இந்த வீட்டுக்கென்றே ஒரு காலண்டர் தயார் செய்துகொண்டிருந்தாள். மாதத்துக்கு ஒன்றாக இந்த வீட்டுச் சொலவடை பன்னிரண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். நாற்பது பிரதி அடித்துச் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் கொடுப்பதாகத் திட்டம். புதன்கிழமை அச்சுக்குப் போகிறது என்றாள். அவர் கை கழுவி வந்ததும் மாதிரித் தாள்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பிக் காட்டினாள்.

ஜனவரியில் 'மாடிவீட்டம்மா வரேன்னு சொன்ன மாதிரி'. வரேன் வரேன் என்று வாசலில் ஒரு மணி நேரம் நின்ற அம்மாளுக்கு வாசற்படியிலிருந்து வேர் முளைத்திருந்தது. மார்ச்சில் 'சித்தப்பா குடை'. வருஷம் முழுக்கத் தூக்கிக்கொண்டு அலைந்து, மழை வந்தால் நனைந்துவிடும் என்று கக்கத்தில் இடுக்கிக்கொள்ளும் குடை. நன்றாகத்தான் வரைந்திருந்தாள். அவருக்கே சிரிப்பு வந்தது. ஆகஸ்டில் ஒரு பையன். அரைக்கால் சட்டை, தொங்கும் மூக்குச்சளி, கையில் பம்பரம். பெரிய பையோடு மூச்சுவாங்கும் டாக்டர் ஒருவரைச் சட்டை நுனியைப் பிடித்து ஆடி அசைந்து இழுத்துவருகிறான். சுவரில் கடிகாரம். கட்டில் காலியாக இருக்கிறது. நோயாளி எழுந்து வாசலில் நின்று, எனக்குச் சரியாகிவிட்டது, நீங்கள் போகலாம் என்கிறார்.

"நோயாளி பொழைச்சுக்கிட்ட மாதிரி போட்டுட்டேன் மாமா. காலண்டர் பாருங்க, நல்லதா இருக்கட்டும்னு."

"நல்லா இருக்கும்மா" என்றார் அவர். வீட்டில் காட்ட அந்த ஆகஸ்ட் தாளைக் கொடுத்தாள். கருவிப் பையில் மடங்காமல் வைத்துக்கொண்டு போனார்.

அந்த வீட்டில் யாரும் யாரையும் நேராகத் திட்டியதில்லை. அவருடைய அம்மாவுக்கு அந்த வழக்கமே கிடையாது. ஒருத்தர் ஒரு தப்புச் செய்தால் அதை ஒரு சொல்லாக்கி வைத்துவிடுவாள். அதற்குப் பிறகு அந்த ஆள் அந்தச் சொல்லுக்குள்ளேயே குடியிருக்க வேண்டியதுதான். குடைச் சித்தப்பா செத்து இருபது வருஷமாகிறது. குடை இன்னும் இருக்கிறது.

ஐம்பத்து மூன்று வருஷம் முன்னால் அவருக்கு வயது ஒன்பது. அக்காவுக்குப் பதினைந்து. அப்பா மரமறுக்கும் ஆலையில் வேலை. அன்றைக்கு வேலைக்குப் போகாமல் நெஞ்சு அடைக்கிறது என்று பாயில் சுருண்டு கிடந்தார். அம்மா உள்ளே அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பையன் தெருமுனை அடிபம்புப் பக்கம் விளையாடிக்கொண்டிருந்தான். அக்கா வந்து, ஓடுடா, டாக்டரைக் கூட்டிட்டு வா, அப்பாவுக்கு முடியலை என்றாள். ஓடினான். டாக்டர் வீடு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். ஆலையிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகிறவர்கள் கும்பலாக எதிரே வந்தார்கள். அவர்கள் கால்களுக்கு நடுவே புகுந்து ஓடினான். பாதையின் ஜல்லியில் ஒரு செருப்பு கழன்று விழுந்தது. பத்தடி போனவன் திரும்பிவந்து எடுத்துக்கொண்டான். புதுச் செருப்பு, தொலைத்தால் அம்மா கொன்றுவிடுவாள். டாக்டர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை கழுவி, சட்டை மாட்டி, பையைத் தேடி, ஒருவழியாகக் கிளம்பினார். இருவரும் வந்து சேர்ந்தபோது வாசல் நிறைய ஆட்கள். அம்மா அழவில்லை. உள்ளே வந்த டாக்டரைப் பார்த்தாள்; பின்னால் நின்ற பையனைப் பார்த்தாள். கூடியிருந்தவர்களிடம் சொன்னாள்: "சின்னவன் டாக்டரைக் கூட்டிட்டு வந்துட்டான், பாருங்க."

முதலில் அது சொலவடை இல்லை. அந்த வருஷம் மழைக்காலம் முடிந்தபிறகு கூரை வேய ஆள் வந்தான். அவனைப் பார்த்து அம்மா இரண்டாவது முறை சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. நாலைந்து வருஷம் போனபிறகு அத்தை ஒருத்தி தபால்காரனைப் பார்த்துச் சொன்னாள். பக்கத்தில் இருந்தவள் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு வாயைப் பொத்திக்கொள்வதும் நின்றுபோயிற்று. அக்காவுக்குக் கல்யாணமாகி அம்மா அவளோடு வந்து இருந்தபோது பேரப்பிள்ளைகள் பாட்டி வாயிலிருந்து கற்றுக்கொண்டார்கள். பஸ் தாமதம், டீ தாமதம், பரீட்சை முடிவு தாமதம், எல்லாவற்றுக்கும் சின்னவன் டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தான். அம்மாவைத் தவிர யாரும் அவரைச் சின்னவன் என்று கூப்பிட்டதில்லை; அம்மாவும் அந்த நாளுக்குப் பிறகு அப்படிக் கூப்பிடுவதை விட்டுவிட்டாள். பதினோரு வருஷம் முன்னால் அம்மாவும் போனபிறகு அந்தப் பெயருக்கு ஆளே இல்லாமல் போயிற்று. அக்காவுக்கு அவர் தம்பி. மற்றவர்களுக்குக் குழாய் மாமா.

எங்கே போனாலும் அரைமணி முன்னால் போய் நிற்பார். இந்தத் தொழிலில் அது ஒரு குறை என்று யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் குறைதான். பத்து மணி என்றால் ஒன்பதரைக்கு வாசலில் ஒருத்தர் கருவிப் பையோடு நிற்பதை வீட்டுக்காரர்கள் விரும்புவதில்லை. குளித்திருக்கமாட்டார்கள், படுக்கை மடித்திருக்கமாட்டார்கள். எதிர்ப்பக்கம் நிழல் பார்த்து நின்றுவிட்டுச் சரியாகப் பத்துக்கு மணியை அழுத்தப் பழகிக்கொண்டார். தன் கல்யாணத்துக்கு மண்டபக் காவல்காரன் கதவைத் திறப்பதற்கு முன்பே போய் நின்ற மாப்பிள்ளை அவர். அவர் மனைவி இதைச் சொல்லாத ஆள் கிடையாது. "நான் ஓடிப்போயிடுவேன்னு நினைச்சாரோ என்னவோ" என்பாள்.

அம்மா படுத்த படுக்கையானபோது மூன்று வாரம் வேலைக்குப் போகவில்லை. அக்கா வீட்டில் அம்மா கட்டிலுக்குக் கீழேயே படுத்தார். கடைசி நாளில் அம்மா கண்ணைத் திறந்து, யாரு என்றாள். நான்தாம்மா என்றார். "வந்துட்டியா" என்றாள். அந்தச் சொல்லை அம்மா எப்படிச் சொன்னாள் என்று பதினோரு வருஷமாக அவர் யோசித்துக்கொண்டிருக்கிறார். சில நாள் ஒரு மாதிரித் தோன்றும், சில நாள் வேறு மாதிரி.

செருப்பு விஷயத்தை யாரிடமும் சொன்னதில்லை, மனைவியிடம் ஒரே ஒருமுறை தவிர. இரண்டு நிமிஷம்கூட இருக்காதே என்றாள் அவள். அதுதான் தெரியலையே என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஞாயிறு மதியம் அந்தத் தாளை மனைவி கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள். பையன் கையில் இருந்த பம்பரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வாயே திறக்காம இருந்தீங்கல்ல. இப்ப படமே போட்டுட்டாங்க."

"அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது."

"அவளுக்குத் தெரியாது சரி. உங்க அக்காவுக்குத் தெரியாதா? நாப்பது வீட்டுச் சுவர்ல தொங்கப்போகுது. ஒரு மாசம் முழுக்க. போற வீட்லயெல்லாம் நீங்க அதுக்கு எதிர்லயே உக்காந்து டீ குடிப்பீங்க."

அவள் தாளை மடித்தாள். "போய் எடுக்கச் சொல்லுங்க. நீங்க சொல்லலைன்னா நான் போய்ச் சொல்லுவேன். நான் சொன்னா நல்லா இருக்காது."

அது உண்மை. அவள் சொன்னால் நன்றாக இருக்காது.

அக்காவிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லை என்பதுதான் அவருக்குச் சிக்கல். அப்பா போன அடுத்த வாரமே அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டாள். ஒன்பதாவதில் முதல் மூன்று இடத்துக்குள் இருந்தவள். அட்டைப்பெட்டி ஒட்டும் கம்பெனிக்குப் போனாள். பன்னிரண்டு வருஷம். விரல் நுனிகளில் பசை காய்ந்து தோலோடு உரியும். அவள் தட்டில் இருந்தது பாதி தம்பி தட்டுக்கு வரும். வேண்டாம்கா என்றால், எனக்குப் பசியில்லைடா என்பாள். தொழில் கற்றுக்கொள்ள அவனை ஒரு மேஸ்திரியிடம் சேர்த்துவிட்டதும் அவள்தான்; முதல் ஸ்பேனர் வாங்கித் தந்ததும் அவள்தான். தம்பிக்கு ஒரு வழி பண்ணிவிட்டுத்தான் கல்யாணம் என்று இருபத்தேழு வயதுவரை இருந்தாள். அக்காவா அம்மாவா என்று ஊரே சொல்லும். அவர் எதிரில் அந்தச் சொலவடையை அக்கா ஒருமுறைகூடச் சொன்னதில்லை. மற்றவர்கள் சொன்னாலும் சிரித்ததில்லை. எழுந்து உள்ளே போய்விடுவாள். தம்பி மனசு நோகுமே என்று போகிறாள் என்றுதான் இத்தனை வருஷமும் அவர் நினைத்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரு வீட்டில் மேல்தொட்டி வால்வு மாற்றிவிட்டு அப்படியே அக்கா வீட்டுக்குப் போனார். மருமகள் அப்போதுதான் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவர் வாயைத் திறப்பதற்குள் அவளே ஆரம்பித்துவிட்டாள்.

"மாமா, நீங்களாவது ஒண்ணு சொல்லுங்க. எனக்கு ஒரு மாசம் குறையுது."

"ஏன்?"

"அந்த டாக்டர் பக்கத்தை அத்தை எடுக்கச் சொல்லிட்டாங்க. நேத்து முழுக்கப் பேசவே இல்ல. இன்னைக்குக் காலையில நான் கிளம்பறப்போ வாசல்வரைக்கும் வந்து, அது மட்டும் வேணாம், அது பொய்ன்னாங்க. ஏன்னு கேட்டா உள்ள போயிட்டாங்க. நான் ராத்திரி பகல்னு உக்காந்து வரைஞ்சது. சொலவடையில என்ன மாமா பொய்யும் நிஜமும்?"

கேட்க வந்தது கேட்காமலே கிடைத்துவிட்டது. அப்படியே திரும்பியிருக்கலாம். மருமகள் டீ போடுகிறேன் என்று சமையலறைப் பக்கம் போனாள். அவர் கூடத்தில் கொஞ்சம் நின்றார். பொய் என்றால் எது பொய்? டாக்டரைக் கூட்டிவந்தது உண்மை. அப்பா அதற்குள் செத்துப்போயிருந்தது உண்மை.

அக்கா தன் அறையில் கட்டிலில் உட்கார்ந்து தலையணைகளுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தாள். அவர் எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். வால்வு வேலை எங்கே என்று கேட்டாள், சொன்னார். முழங்கால் எப்படியிருக்கிறது என்று கேட்டார், சொன்னாள்.

"ஆகஸ்ட் பக்கத்தை எடுக்கச் சொன்னியாமே."

"ஆமா. எடுத்தாச்சு."

"நானும் அதைச் சொல்லத்தான்கா வந்தேன்."

"அதான் எடுத்தாச்சே. டீ குடிச்சிட்டுப் போ."

"பொய்ன்னு சொன்னியாம்."

அக்கா தலையணையை மடியில் வைத்துக்கொண்டாள். உறையின் வாய் பாதிதான் ஏறியிருந்தது. அதை இழுத்துவிட்டாள், பிறகு அவரைப் பார்க்காமலே சொல்ல ஆரம்பித்தாள். திக்காமல் திணறாமல், ஒரே சீராகச் சொன்னாள். மனசுக்குள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்திருக்க வேண்டும்.

அம்மா உள்ளே இருந்தபடி, சின்னவனை டாக்டர்கிட்ட அனுப்பு என்று சொன்னபோது மணி பதினொன்றுகூட ஆகவில்லை. அக்கா பின்பக்கம் தலைக்குக் குளித்துவிட்டுக் கூந்தலை உலர்த்திக்கொண்டு பக்கத்துவீட்டுப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தாள். அதற்கு முன்பு இரண்டு தடவை அப்பா குடித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு புரண்டபோது டாக்டர் வீட்டுக்கு ஓடியவள் அவள்தான். இரண்டு தடவையும் அப்பா அதற்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டார். டாக்டர் எல்லார் முன்னாலும் அம்மாவைப் பார்த்துக் கத்தினார். மருந்து கட்டிக்கொடுக்கிறவன் அதற்குப் பிறகு அவளைத் தெருவில் பார்க்கும்போதெல்லாம், உங்கப்பன் இன்னைக்குச் சாகலையா என்று கேட்டுச் சிரிப்பான். இதுவும் அப்படித்தான், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே பேச்சில் உட்கார்ந்துவிட்டாள். பன்னிரண்டு மணிக்கு ஆலைச் சங்கு ஊதியது. அம்மா உள்ளேயிருந்து கத்தினாள்: சின்னவன் போயிட்டானா இல்லையா?

"போயிட்டாம்மா, அப்பவே போயிட்டான்னு சொன்னேன்" என்றாள் அக்கா. "சொல்லிட்டுத்தான் உன்னைத் தேடிக்கிட்டு வந்தேன்."

சமையலறையில் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. அவருக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. எதிரே கும்பலாக வந்த ஆலை ஆட்கள் மட்டும் ஞாபகத்துக்கு வந்தார்கள். சங்கு ஊதினபிறகுதானே அவர்கள் வெளியே வருவார்கள். இது இத்தனை வருஷமும் அவர் கண்ணெதிரில்தான் இருந்திருக்கிறது.

"அப்ப அம்மா..."

"நீ பதினோரு மணிக்கே கிளம்பினேன்னு நினைச்சாங்க. ரெண்டு மணி நேரம் வழியில விளையாடிட்டு வந்தேன்னு. சாகறவரைக்கும்."

"அம்மா என்னை ஒருநாளும் கேக்கலையே."

"அவங்க எதைக் கேட்டாங்க?"

அவர் தன் கைகளைப் பார்த்தார். நகக்கண்ணில் வால்வின் துரு இருந்தது.

"நான் செருப்பை எடுக்கத் திரும்பி வந்தேன்கா. ரயில் பாதையில. அதனாலதான்னு நினைச்சேன்."

"என்ன செருப்பு?"

சொன்னார். அக்கா முகத்தில் அதுவரை இல்லாத ஒன்று வந்தது. தலையணையைக் கீழே வைத்துவிட்டாள்.

"அம்மா போனபிறகாவது சொல்லியிருக்கலாமே."

"அவங்களே போனபிறகு யாருக்குடா சொல்றது?"

"எனக்கு."

அவள் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பெட்டி கம்பெனிக்குப் போனதை எல்லாரும் தியாகம் தியாகம் என்றார்கள், நீயும் சொன்னாய், அது தியாகம் இல்லை என்றாள். ஒவ்வொரு தடவையும் அந்தச் சொல் காதில் விழும்போது இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பாளாம். அம்மாவிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. பிறகு புருஷன் வந்தான், பிள்ளைகள் வந்தார்கள். அக்கா என்றால் இப்படித்தான் இருக்கணும் என்று அவர்கள் எதிரில் தம்பி சொல்லும்போது தைரியம் இன்னும் தூரமாகப் போய்விட்டது. பிள்ளைகள் அந்தச் சொலவடையைச் சொல்லிச் சிரித்தால் அடிக்கவும் முடியாது, ஏன் அடித்தாய் என்று கேட்பார்கள். எழுந்து போவது ஒன்றுதான் முடிந்தது.

மருமகள் இரண்டு டம்ளர் டீயைக் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். இருவர் முகத்தையும் பார்த்தாள். "மாமா, ஆகஸ்டுக்கு வேற ஏதாவது ஞாபகம் வந்தா சொல்லுங்க. காலையில பத்து மணிக்குள்ள" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் காலடிச் சத்தம் அடங்கும்வரை அக்கா காத்திருந்தாள்.

"ஏதாவது சொல்லுடா. திட்டணும்னா திட்டு."

அவருக்குத் திட்டத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கை கட்டிலின் விளிம்பைப் பிடித்திருந்தது. விரல் நுனிகள் இன்னும் தட்டையாகத்தான் இருந்தன. அந்தக் கையால் போட்ட சோற்றைத்தான் அவர் தின்று வளர்ந்தார். அந்தக் கையைத் தொடலாமா என்று ஒரு கணம் இருந்தது. ஸ்டூலை விட்டு எழுந்தார். கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். டீ ஆறிக்கொண்டிருந்தது.

"ஞாயித்துக்கிழமை வருவியா?" என்றாள் அக்கா.

அவர் கதவுத் திரையை ஒதுக்கிக்கொண்டு வெளியே போனார்.